ஆகாத மீன்

கௌராமி இருக்கிற தொட்டியில் டைகர் பார்ப் விடாதே என்று பதினெட்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். கௌராமி சாது. வயிற்றடியில் மீசை மாதிரி இரண்டு இழை தொங்கும், அதைக் கொண்டு தடவித்தான் வழி பார்க்கும். பார்ப் கூட்டம் அந்த இழைகளைக் கடித்துக் கடித்தே அதைக் கொன்றுவிடும். மேற்கு மாம்பலத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் யார் காதில் வாங்குகிறார்கள்? வரிவரியாக அழகாயிருக்கிறது, நாலு போடு இனாயத் பாய் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொன்னதைக் கேட்டு நடந்தவர் ஜெயராம் சார் ஒருத்தர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மயிலாப்பூரிலிருந்து வருவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கௌராமி. அதற்குத் துணையாக விரல்கடை டெட்ரா மீன் வாங்கவே பத்துக் கேள்வி கேட்பார்.

போன புதன்கிழமை அவர் மனைவி ஜானு மாமி வந்தார். தலைகூட வாரியிருக்கவில்லை.

"பாய், கௌராமிக்கு ஆகாத மீன் எது?"

"டைகர் பார்ப், மாமி. அத மட்டும் வுட்றாதீங்க."

"அதுல ஆறு குடுங்கோ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியே சொன்னார். சார் பதினோரு நாளாக ஐசியூவில் இருக்கிறார். சேர்த்த அன்று வீட்டுத் தொட்டியில் ஒரு டெட்ரா செத்தது, சாயங்காலமே பிரஷர் சரியானது. நாலாம் நாள் இன்னொன்று செத்தது, சார் கண்ணைத் திறந்தார். அப்புறம் மீன் எதுவும் சாகவில்லை. இன்று காலை டாக்டர், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னாராம்.

"நமக்கு வர வேண்டியத மீன் வாங்கிண்டு போயிடும்னு நீங்கதானே சொன்னேள்? தொட்டிக்குள்ள கைய விட்டுண்டு நின்னேன் பாய். என் கையால முடியல."

சொன்னது நான்தான். மீன் செத்துப்போச்சு என்று சண்டைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன், திருஷ்டி கழிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க என்று. சண்டைக்கு வந்தவர் சந்தோஷமாகத் திரும்பிப் போவார். தவளை தன் வாயால் கெடும்.

"மாமி, அது யாவாரத்துக்காக வுட்ற பொய்யி."

"பொய்யாவே இருக்கட்டும். என்கிட்ட வேற என்ன இருக்கு?"

"சார் வூட்டுக்கு வந்தா மொதல்ல கௌராமியத்தான் கேப்பாரு."

"கேக்கட்டுமே." அப்போதுதான் அழுதார். "வந்து கேக்கட்டும் பாய். கேட்டு என்னைத் திட்டட்டும்."

வலையை எடுத்து ஆறு பார்ப் பிடித்துக் கவரில் விட்டேன்.

"எத்தன நாளாகும்?"

"மூணு நாலு நாளாவும், மாமி."

"இன்னிக்குள்ள ஆகாதா?"

எத்தனையோ பொய் சொல்லி மீன் விற்றிருக்கிறேன். அந்த ஒரு பொய்யை மட்டும் நிஜமாக்கிவிடு அல்லாஹ் என்று கேட்டுக்கொண்டே, இன்னும் ஆறு பார்ப் பிடித்தேன்.