தேநீர்க் கெண்டியின் மூடி

குவோ யூதாங்குக்குக் காதல் வந்துவிட்டது என்று அந்த முற்றத்தைச் சுற்றியிருந்த ஐந்து வீட்டாரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். ஆதாரம், அவருடைய கழிவறையிலிருந்து வந்த சீட்டி. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் ஆறரை வரை சீட்டிதான். மனைவி இறந்து ஒன்பது வருடமான மனிதர், சீனாவின் சாவ்ஜோ நகரப் பேருந்தை முப்பத்தொரு வருடம் ஓட்டி ஓய்ந்தவர், அறுபத்தெட்டு வயதில் கதவைத் தாழிட்டுக்கொண்டு சீட்டியடித்தால் ஊர் வேறென்ன நினைக்கும்?

ஆனால் அது பாட்டுச் சீட்டி அல்ல. கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது ஒன்றுக்குப் போகட்டும் என்று அந்த ஊர்த் தாய்மார்கள் ஒரே இழுப்பாக மெல்ல அடிப்பார்களே, அந்தச் சீட்டி. குவோ அதைத் தனக்குத்தானே அடித்துக்கொண்டிருந்தார். துணைக்குக் குழாயையும் திறந்துவிட்டிருப்பார். நாலு சொட்டு விழும். பிறகு ஒரு நீண்ட யோசனை. பிறகு இரண்டு சொட்டு. வெளியே வந்து கால்சட்டையைச் சரி செய்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவுடனே மறுபடி போகவேண்டும்போல் இருக்கும்.

காதல் என்ற பகுதி மட்டும் பொய்யில்லை.

சந்து முனை வீட்டில் யாவ் மெய்ஜென் இருந்தாள். மூலிகை மருந்துக்கடையில் முப்பது வருடம் தராசு பிடித்தவள், கணவனை இழந்தவள், வாய் கொஞ்சம் அதிகம். மாலையானால் அவள் வாசலில் சிறிய மேஜை போட்டுக் கெண்டியில் தேநீர் ஊற்றுவாள். எத்தனை பேர் வந்தாலும் கிண்ணம் மூன்றுதான், அது ஊர் வழக்கம். ஒன்று அவளுக்கு, ஒன்று குவோவுக்கு, ஒன்று ஃபாங்குக்கு. இந்த ஃபாங் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எழுபது வயதிலும் குந்தி எழுந்து காட்டாமல் ஒரு கிண்ணம் குடிக்கமாட்டார்.

குவோ ஒரு மாதமாகத் தன் கிண்ணத்தை உதட்டில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது பக்கத்துச் செம்பருத்தித் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். செம்பருத்தி செழித்தது.

"டிரைவரே," என்றாள் மெய்ஜென் அந்தத் திங்கட்கிழமை. "வூயி மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் ஏற்பாடு பண்ணிட்டேன். சனிக்கிழமை காலைல கெளம்புறோம். ஏழு மணி நேரப் பயணம். என் பக்கத்து சீட்டு உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்."

ஏழு மணி நேரம் என்ற சொல் குவோவின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. "யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

"போன வருஷமும் யோசிச்சீங்க. பஸ்ஸு போய்த் திரும்பியே வந்துடுச்சு, நீங்க யோசிச்சு முடிக்கல."

"அவருக்கு வேணாம்னா நான் உக்காந்துக்கறேன்," என்றார் ஃபாங், குந்திய நிலையிலிருந்து.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் அந்த சீட்டு ஃபாங் சாருக்கு." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இந்த வயதில் ஒரு பெண் இரண்டாவது முறை கூப்பிட்டால் மூன்றாவது முறை கூப்பிடமாட்டாள் என்பது குவோவுக்குத் தெரியும். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருந்தது, பஸ்ஸை நினைத்து அல்ல, அந்த சீட்டில் ஃபாங்கை நினைத்து.

மறுநாள் ஆற்றங்கரைத் தெரு வைத்தியசாலைக்குப் போனார். பழைய வைத்தியர் இருப்பார் என்று நம்பிப் போனவர், அவருடைய மகள் நிங் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் வந்த வழியே நழுவப் பார்த்தார். முப்பது வயதுப் பெண். அவளிடம் போய் எதைச் சொல்வது?

"என்ன தொந்தரவு, ஐயா?"

"இருமல்," என்றார் குவோ.

நிங் அவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு. ஒரு தடவைகூட இருமல. ஆனா கழிவறை எங்கன்னு மூணு தடவை கேட்டீங்க."

குவோவின் காது சிவந்தது. "அது... எனக்கில்ல. என் சிநேகிதன் ஒருத்தனுக்கு."

"சரி. சிநேகிதரு பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாரா? அது இல்லாம நான் மருந்து எழுதமாட்டேன்."

எட்டாக மடித்த காகிதம் ஒன்று சிநேகிதனின் சட்டைப்பையிலிருந்து, அதாவது குவோவின் சட்டைப்பையிலிருந்து, வெளியே வந்தது. நிங் படித்தாள். "கல்லு இல்ல. மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற சுரப்பி கொஞ்சம் வீங்கியிருக்கு, வயசானா வர்றதுதான். அவங்க குடுத்த மாத்திரைய நிறுத்தவேண்டாம்னு சிநேகிதர்கிட்ட சொல்லுங்க. எப்பவாவது சுத்தமா அடைச்சுக்கிட்டா என்கிட்ட வரக்கூடாது, நேரா அங்கதான் ஓடணும். மத்தபடி எங்க முறைப்படி நான் மேல இருந்து பாக்குறேன்."

"மேலயா? தொந்தரவு கீழல்ல!"

நிங் மேஜைமேல் இருந்த கெண்டியை எடுத்தாள். மூடியின் நடுவில் இருந்த சின்னத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு கெண்டியைச் சாய்த்தாள். மூக்கிலிருந்து நாலு சொட்டு விழுந்தது. நின்றது. பிறகு இரண்டு சொட்டு. குவோவுக்கு இந்தக் காட்சி மிகவும் பழக்கமாகப் பட்டது. அவள் விரலை எடுத்தாள். தேநீர் தாராளமாகக் கிண்ணத்தில் இறங்கியது.

"மூக்குல ஒண்ணும் அடைப்பு இல்ல பாத்தீங்களா? மேல காத்து போகல, அதனால கீழ தண்ணி இறங்கல. உடம்புல நுரையீரல்தான் மூடின்னு எங்க வைத்தியம் சொல்லுது. மூடியத் தொறந்துவிட மருந்து எழுதறேன்." அவள் எழுதிக்கொண்டே கேட்டாள்: "சிநேகிதரு எதையாவது நெஞ்சுக்குள்ளயே வெச்சு அழுத்திக்கிட்டு இருக்காரா?"

"அவன் ஒரு மாதிரி. வாயத் தொறக்கமாட்டான்."

"அதுவும் மூடிதான்," என்றாள் நிங்.

மருந்துச் சீட்டைப் பார்த்துக் குவோவுக்குக் கோபம் வந்தது. ஆப்ரிகாட் பருப்பு, லோகாட் இலை, இன்னும் நாலைந்து. எல்லாம் அவருடைய அம்மா சளிக்குக் காய்ச்சிக் கொடுத்தவை. கடைசி வரியில் மட்டும், துணியில் முடிந்து கொதிக்க வைக்கச் சொல்லி ஒரு பிடி விதை. இருமல் என்று பொய் சொன்னதற்கு இருமல் மருந்தே கொடுத்துப் பழிவாங்கிவிட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே மண்சட்டியில் காய்ச்சினார். குடித்தார். குடிக்காமல் என்ன செய்வது, வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். காய்ச்சி வடித்த மருந்துச் சக்கையை வீட்டுக் குப்பையில் போடக்கூடாது, நாலு பேர் நடக்கும் முச்சந்தியில் கொட்டவேண்டும், மிதிக்கிற கால்களோடு நோயும் போய்விடும் என்பது அவர் அம்மா காலத்து நம்பிக்கை. ரகசியத்தைக் காப்பாற்ற உயிரையே விடத் தயாராக இருந்த குவோ, அந்த ரகசியத்தை வேகவைத்து, பிழிந்து, நடுத்தெருவில் கொண்டுபோய்க் கொட்டினார். முன்ஜாக்கிரதையாக மூன்று சந்து தள்ளித்தான் கொட்டினார். அந்த வழியாகத்தான் மெய்ஜென் காலையில் காய்கறி வாங்கப் போவாள் என்பதை முன்ஜாக்கிரதை யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் இரண்டாம் நாள் சக்கையோடு போனபோது, அவள் முதல் நாள் சக்கையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வெங்காயத்தாளின் நுனியால் அதைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கோ நெஞ்சுச் சளி போல," என்றாள் நிமிராமல். "ஆப்ரிகாட் பருப்பு. லோகாட் இலை. நல்ல கைதான் எழுதியிருக்கு."

குவோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிங் வாழ்க! "எனக்குத்தான்," என்றார். "ஒரே இருமல்." ஆதாரமாக இருமியும் காட்டினார்.

கட்டைவிரல் அளவு துணி முடிச்சு ஒன்று சக்கையில் கிடந்தது. மெய்ஜென் அதை வெங்காயத்தாளால் ஒருமுறை புரட்டினாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உடம்பப் பாத்துக்குங்க, டிரைவரே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை குவோ அவள் வாசலுக்குப் போனார். மருந்து கொஞ்சம் கேட்டிருந்தது. சீட்டி இருபது நிமிடமாகக் குறைந்திருந்தது. ஆனால் ஏழு மணி நேரம் ஏழு மணி நேரம்தான். வரமுடியாது என்று சொல்லத்தான் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"இருமல்காரருக்குக் கதவோரமா சீட்டு மாத்தியிருக்கேன். எச்சி துப்ப சௌகரியமா இருக்கும். காலைல ஆறு மணி."

கதவோரம் என்றதும் குவோவின் வாய் அவரைக் கேட்காமலே "சரி" என்றது.

பஸ் புறப்பட்டுச் சரியாக ஒரு மணி நேரத்தில், பக்கத்து சீட்டிலிருந்து மெய்ஜென் எழுந்து நின்றாள். "டிரைவர் தம்பி! நிறுத்துப்பா. எனக்கு அவசரம்."

முப்பது முதியவர்களும் சிரித்தார்கள். "இப்பத்தானே கெளம்பினோம்!" என்றார் ஃபாங்.

"என் அவசரத்துக்கு உங்ககிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமா, வாத்தியாரே?"

நிறுத்தினார்கள். எப்படியும் நின்றாயிற்றே என்று குவோவும் இறங்கிப் போய்வந்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பெரிதாக இருந்தது. "மெய்ஜென் அக்காவுக்கு ஒரு வாளி குடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஊரையே வாயால் வறுத்தெடுக்கும் மெய்ஜென், அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இறங்கினாள். குவோ அவள் முகத்தைப் பார்த்தார். அவசரம் இருப்பவர்கள் முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். இவள் முகத்தில் அது துளிகூட இல்லை.

மூன்றாவது நிறுத்தம் ஒரு பெட்ரோல் நிலையம். ஆண்கள் கழிவறைக்கும் பெண்கள் கழிவறைக்கும் நடுவில், கூரையைத் தொடாத ஒரு சுவர். ஃபாங் சடசடவென்று முடித்துவிட்டுப் போய்விட்டார். குவோ மட்டும் நின்றார். இரண்டு சொட்டு. யோசனை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்கு அடித்த அதே ஹாரன். சீட்டியடிக்கலாம் என்று உதட்டைக் குவித்தார். உதடு காய்ந்திருந்தது, வெறும் காற்றுதான் வந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சீட்டி கேட்டது. மெல்லியது. ஒரே இழுப்பு. தாய்மார்கள் அடிப்பது.

குவோ அப்படியே நின்றார். வெட்கம் வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு சிரிப்பு வந்தது. "அடிப்பாவி!" என்று சத்தமாகவே சொல்லிச் சிரித்தார். ஒரு மாதமாக நெஞ்சில் பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் அந்தச் சிரிப்போடு வெளியே போனது. மூடி திறந்தது. மீதி தானாக நடந்தது.

வெளியே மெய்ஜென் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்பத்துலேருந்து தெரியும்?" என்றார்.

"இருமலுக்கு எந்த ஊருலய்யா வண்டிமுன்விதைய துணியில முடிஞ்சு போடுறாங்க? அது நீர் பிரியறதுக்குப் போடுறது. முப்பது வருஷம் அந்த விதைய நிறுத்துக் குடுத்தவ நான். பேருலயே வண்டி இருக்கு, டிரைவருக்குப் பொருத்தமான மருந்துதான்." அவள் கையை உதறினாள். "அப்புறம் என் செம்பருத்தி. அதுக்கு அத்தனை தேத்தண்ணி யாரு குடுத்தா?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் குடுவையைத் திறந்து ஒரு கிண்ணம் ஊற்றி நீட்டினாள். குவோ ஜன்னலைப் பார்க்கவில்லை, தொட்டியைத் தேடவில்லை. ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னொண்ணு ஊத்துங்க."

"பாத்து, டிரைவரே. இன்னும் நாலு மணி நேரம் இருக்கு."

"இருக்கட்டுமே," என்றார் குவோ, பஸ் முழுக்கக் கேட்கும் குரலில். "அடுத்த தடவ நிறுத்தச் சொல்லி நானே கத்துறேன். எனக்குத்தான் அவசரம்."