கசப்புக்கு எத்தனை விரல்

மாமனார் ஸ்பூனை வாயிலிருந்து எடுத்த நேரத்தில்தான் அவன் சமையலறைக்குள் வந்தான். ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. மேடைமேல் பழுப்பு நிறப் பாட்டில், மூடி இல்லாமல்.

“இருமல் விடமாட்டேங்குது மாப்ளே. எல்லாரும் பேசாம உக்காந்திருக்கற எடத்துல நான் மட்டும் லொக்கு லொக்குன்னுக்கிட்டு… அவகிட்ட எப்பவும் ஏதாவது மருந்து இருக்குமேன்னு பார்த்தேன்.” பிறகு, “நல்லாக் குலுக்கிட்டுத்தான் குடிச்சேன்” என்றார்.

அவன் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பொறுமையாகக் கவிழ்த்தால் ஒரு ஸ்பூன் தேறும்.

“எவ்வளவு குடிச்சீங்க மாமா?”

“ரெண்டு மூணு ஸ்பூன் இருக்கும். ஏன், பழசா?”

“இல்ல. புதுசு.”

முன்னறையில் அவன் மனைவி படுத்திருந்தாள். கழுத்துவரை வெள்ளைத் துணி. வண்டி மதியத்துக்கு மேல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. அதைச் சரிசெய்யத்தான் மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர்கள் தைரியம் சொன்ன ஆபரேஷன். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கட்டில்மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள், வந்து மீதியைப் படிக்கலாம் என்று. அது இன்னும் அப்படியே கிடந்தது.

பாட்டிலையும் அப்படித்தான் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். “தொடாதே. இது கொஞ்ச நாள் அப்படியே நிக்கணும். நான் வந்ததும் ருசி பாரு. என் முன்னாடி.”

மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் வேலை, மருந்து கண்டுபிடிப்பது அல்ல. கண்டுபிடித்த மருந்தை ஆள் வாய்க்குள் போகிற மாதிரி செய்வது. ஒரு செடியின் இலையிலிருந்து எடுத்த சரக்கு. விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் அப்படி ஒரு கசப்பு. பெரியவர்களுக்கு மாத்திரையாக்கிக் கொடுத்துவிடலாம். குழந்தைகளுக்குத் திரவமாகத்தான் கொடுக்க வேண்டும். வாயில் விட்டதும் துப்பிவிடும், இல்லையென்றால் வாந்தி எடுத்துவிடும். உள்ளே எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்று தாய்மார்கள் ஸ்பூனும் கையுமாக நிற்பார்கள்.

அந்தக் கசப்போடுதான் கல்யாணமான நாளிலிருந்து அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. மற்றவர்களுக்குத் தெரியாத கசப்பெல்லாம் அவன் நாக்குக்குத் தெரியும். கூடத்தில் எல்லாரும் அவனை ‘நாக்கு’ என்றே கூப்பிட்டார்கள். கொஞ்சம் ருசி பார்த்துத் துப்புவதில் ஆபத்தில்லை என்று உறுதியான பிறகு, ஒவ்வொரு கலவையும் அவன் நாக்கில் ஏறி இறங்கித்தான் அடுத்த கட்டத்துக்குப் போனது.

ஆரம்பத்தில் அவன் வாயால்தான் சொன்னான். “பரவாயில்ல, குடிக்கலாம்” என்பான். அவள் முறைப்பாள். “பொண்டாட்டி செஞ்சதுன்னு சொல்றியா, மருந்துன்னு சொல்றியா?” அதற்குப் பிறகுதான் விரல் வந்தது. அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் தொட்டி பக்கம் திரும்பி நிற்பாள், தன் முகத்தைப் பார்த்து அவன் இளகிவிடக் கூடாது என்று. முதலில் எதுவும் கலக்காத மருந்தின் பச்சைத் தூள் ஒரு சிட்டிகை, நாக்கு விழித்திருக்கிறதா என்று பார்க்க. வாயைக் கொப்புளித்துவிட்டு, பிறகு கலவை. அவன் “உம்” என்றதும் திரும்பிக் கையைப் பார்ப்பாள். ஐந்து விரல் என்றால் பச்சைத் தூளுக்குச் சமம். கையை மூடி நீட்டினால் கசப்பே இல்லை.

மூடி நீட்டியது இதுவரை நடந்ததில்லை. சர்க்கரை சேர்த்தாள், ஆரஞ்சு வாசனை சேர்த்தாள். அவன் நான்கு விரல் காட்டி, “ஆரஞ்சு வேஷம் போட்ட கசப்பு” என்றான். அன்று இரவு அவள் அவனோடு பேசவில்லை. பிறகுதான் வழியை மாற்றினாள். “கசப்பைக் கொல்லக் கூடாதுடா. அதுதான் மருந்தே. அதை ஒளிச்சு வைக்கணும்.” மாவுச்சத்திலிருந்து செய்த வளையம் போல ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்த வளையத்துக்குள் கசப்பை உட்கார வைத்துவிட்டால் நாக்கைத் தாண்டிப் போய்விடும், வயிற்றில் போய்த்தான் வெளியே வரும். மூன்று விரலுக்கு வந்தது. இரண்டுக்கு வந்தது. “ஒருநாள் குத்து விடறவன் மாதிரி கையை நீட்டுவே பாரு. அன்னைக்கு நான் இந்த சமையக்கட்டுல டான்ஸ் ஆடுவேன்” என்றாள்.

“என்ன மாப்ளே பேசாம நிக்கறீங்க? குடிக்கக் கூடாததா?”

அதற்குள் தராசு வந்துவிட்டாள். கூடத்தில் அவன் மனைவிக்குப் பக்கத்து மேசைக்காரி; எதையும் இரண்டு தடவை எடை போடாமல் நம்பாதவள் என்பதால் மனைவி வைத்த பெயர். காலையிலிருந்து பாத்திரம் கழுவுவதும் நாற்காலி போடுவதுமாக இருந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“யாரு குடிச்சது?”

“நான்தாம்மா. இருமலுக்கு.”

“பயப்படாதீங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. குழந்தைக்குக் கொடுக்கறதுதான். ரெண்டு மூணு ஸ்பூன் ஒண்ணும் செய்யாது.” பிறகு மெதுவாக, “இருமலும் போகாது” என்றாள்.

ஓய்வுபெறும்வரை ரயில் ஓட்டியவர் மாமனார். எதற்கும் அசையாத மனுஷன். அவர் மகளின் பாட்டிலையும் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவ செஞ்சதா?”

அவன் தலையாட்டினான்.

“கடைசியா செஞ்சதா?”

அவர் ஸ்பூனை மேடைமேல் சத்தமில்லாமல் வைத்தார். “அதை நான் குடிச்சிட்டேனா” என்றார். கேள்வி மாதிரி இல்லை.

“விடுங்க மாமா. நான் ஒளிச்சு வெச்சிருக்கணும்.”

“ஆனா ஒண்ணு மாப்ளே.” அவர் உதட்டை நக்கிப் பார்த்துக்கொண்டார். “கசக்கவே இல்ல. மருந்துன்னா கொஞ்சமாவது கசக்க வேணாமா? சக்கரைத் தண்ணி மாதிரி இருந்துச்சு. அதான் இன்னொரு ஸ்பூன் போட்டேன்.”

தராசு அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பல நாளாக அசையாத ஏதோ ஒன்று அவன் விலாவுக்குள் இடம் மாறி உட்கார்ந்தது.

“அப்பா,” என்றாள் தராசு, “காலையில டீ குடிச்சீங்களா?”

“குடிச்சேனே. எதிர்வீட்டுத் தையக்காரம்மா கொண்டாந்தாங்க.”

“எப்படி இருந்துச்சு?”

“டீ மாதிரிதான்.”

தராசு கண்ணை மூடித் திறந்தாள். காலையில் அந்தம்மா அழுத கண்ணோடு சர்க்கரைக்குப் பதில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் ஒரு வாய் குடித்துவிட்டு, துக்க வீட்டில் எப்படிச் சொல்வது என்று கோப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள். முழுதாகக் குடித்தது இரண்டே பேர். ஒருவர் மாமனார். இன்னொருவன் அவன்.

“நாளைக்குக் காலையில கூடத்துல முடிவு பண்றாங்க,” என்றாள் தராசு, அவனைப் பார்க்காமல். “ரெண்டு வழியில எதை எடுத்துக்கிட்டுப் போறதுன்னு. இவளோட வளையமா, அந்தப் பக்கத்து அறைக்காரங்களோட மெழுகுப் பூச்சா. தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. நான் உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“இதே மாதிரி இன்னொண்ணு செய்யலாம்ல?”

“செய்யலாம். எப்படிச் செஞ்சான்னு எனக்குத் தெரியும், பக்கத்துலதானே இருந்தேன். ஆனா ரெண்டு விரல்லயே நிக்குதுன்னு சொல்லி மூடிட்டா, செய்ய எனக்கு யாரு மேசை கொடுப்பா? ருசி பார்க்கற மிஷினுக்கு அனுப்பினா வரிசையில நிக்கணும். மிச்சத்தை எங்கிட்ட கொடுங்க. கூடத்துல வேற யாராவது…”

“பழசெல்லாம் பார்த்தது என் நாக்கு.”

“தெரியும். ஆனா உப்பு டீ குடிச்ச நாக்கு.”

அவன் அலமாரியைத் திறந்து, மேல்தட்டில் கைவிட்டு, சின்னத் தகர டப்பாவை எடுத்தான். பச்சைத் தூள்.

“இன்னைக்கு வேணாம் நாக்கு” என்றாள் அவள். கூப்பிட்ட பிறகுதான் எதைச் சொல்லிக் கூப்பிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

“நான் பார்க்கணும்னுதானே வெச்சிட்டுப் போனா.”

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான்.

ஒன்றும் இல்லை. சுவரைச் சுரண்டித் தின்ற மாதிரி இருந்தது. காத்திருந்தான். ஊரே ஓடும் கசப்பு. அவன் நாக்கில் அது வெறும் பொடியாகக் கிடந்தது. மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், சிக்னலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. முன்னறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கதவிடுக்கு வழியாக அவளுடைய வலது கை தெரிந்தது. துணிக்கு வெளியே யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். விரல் நுனிகளில் இலைச் சாற்றின் மஞ்சள் கறை. எந்த சோப்புக்கும் போகாது அது. போகவுமில்லை.

“போதும்,” என்றாள் தராசு. “துப்பிடுங்க.”

அப்போது வந்தது. முதலில் அடிநாக்கில், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு இரண்டு பக்கமும் ஏறி, தாடையை இறுக்கி, காதுவரை போனது. அவன் மேடையைப் பிடித்துக்கொண்டான். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவன் உடம்புக்குள் வந்து சேர்ந்த முதல் விஷயம் அதுதான். இடது கையைத் தூக்கினான். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

“கண்ணு கலங்குதே மாப்ளே.”

“கசப்பு மாமா.”

அவர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவன் கொப்புளித்தான், துப்பினான், மறுபடி கொப்புளித்தான். கண்ணிலிருந்து வருவது மட்டும் நிற்கவில்லை. அதை அவன் துடைக்கவும் இல்லை. நாக்கு வெறுமையாகும்வரை மூவரும் காத்திருந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து மறுபடியும் டீ வந்தது. “இந்தத் தடவை நானே குடிச்சுப் பார்த்துட்டேன்” என்றாள் தையல்காரம்மா. தராசு வாங்கி ஓரமாக வைத்தாள்.

பிறகு அவன் பாட்டிலைக் கவிழ்த்தான். கடைசிச் சொட்டு கழுத்தில் நின்று, யோசித்து, இறங்கியது. ஸ்பூன் முக்கால்வாசி நிறைந்தது.

தராசு யாரும் சொல்லாமலே தொட்டி பக்கம் திரும்பி நின்றாள். அதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று தெரியாமல், மாமனாரும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாக்கில் விட்டான். இனிப்பு தெரிந்தது. உண்மையாகவே இனிப்பு, எத்தனை நாளுக்குப் பிறகு. அதற்கு அடியில் கஞ்சி மாதிரி ஒரு மெல்லிய மாவுச் சுவை. அவன் அதைத் தாண்டிக் காத்திருந்தான். இந்தக் கசப்பைப் பற்றி அவனுக்குத் தெரியும். இனிப்பு போகும்வரை பதுங்கி இருந்துவிட்டுப் பின்னாலிருந்து தாவும். நாக்கைப் புரட்டினான். அண்ணத்தில் தேய்த்தான். அடிநாக்கில் போய் நின்று அதைத் தேடினான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இனிப்பு போனது. மாவு போனது.

அவன் காத்திருந்தான். இன்னும் காத்திருந்தான்.

தொட்டியில் துப்பினான். தராசு திரும்பவில்லை; “உம்” வரவில்லையே. அவள் தோள்கள் இறுகி உயர்ந்திருந்தன. அவன் அவளைத் தாண்டி, மாமனாரைத் தாண்டி, முன்னறைக்குப் போனான்.

உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவன் மனைவியின் பக்கத்தில் போய் நின்றான். நின்று, கையை நீட்டினான். ஐந்து விரலும் உள்ளே மடங்கியிருந்தன.

“உம்” என்றான்.

அவளுடைய பெரியம்மா எழுந்து வந்தாள். “என்ன கண்ணு, கையில என்ன வெச்சிருக்கே? இப்படி இறுக்கிக்காதே, வா, உக்காரு.” அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.

சமையலறை வாசலில் தராசு நின்றிருந்தாள். அவன் கையைப் பார்த்தாள். ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு காலிப் பாட்டிலுக்கு மூடியைப் போட்டு, இறுகத் திருகி, துணியால் துடைத்து, தன் பைக்குள் நேராக நிற்க வைத்தாள். அவள் பின்னால் மாமனார் இருமினார்.

வண்டி வரும்வரை அவன் அந்தக் கையை விரிக்கவில்லை.