திரைக்குப் பின்னால் ஓர் அங்கிள்

1

இந்தக் கதை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்திலிருந்து பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. அது ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னது நான்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ஒபேரா அரங்கின் நிலவறையில் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு குரல்...

[அடித்துவிட்டேன். எந்த ஒபேரா அரங்குக்குள்ளும் நான் போனதில்லை. அந்த நிலவறை, மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்தது.]

2

படத்தின் கதை இவ்வளவுதான். மேடை விளக்கிலிருந்து பரவிய தீயில் ஒரு பாடகனின் முகம் வெந்துபோகிறது. குரல் மட்டும் மிஞ்சுகிறது. அரங்கின் முதலாளி அவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்திப் பாடவைக்கிறார். முன்னால் அழகான ஒருவன் வாயசைக்கிறான். கடைசியில் திரை கிழிகிறது, சபை அலறுகிறது.

மூன்று ஞாயிறுகளுக்கு முன்பு மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர் அப்பா. பழைய படங்கள் பிடிக்கும் என்று நான் எப்போதோ சொன்னதை அவர் மறக்கவில்லை.

3

அப்பா என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல். அவருடைய இடது கன்னம் முழுக்கத் தழும்பு. முதல் வரைவில் அதற்கு ஊரில் போரின்போது விழுந்த ஷெல்லைக் காரணமாக்கினேன். [ஷெல் விழுந்தால் வாசகர் மரியாதையாக நிமிர்ந்து உட்காருவார் என்று கணக்குப் போட்டேன்.] உண்மையில் அது இந்த நாட்டுக்கு வந்தபின், ஈஸ்ட் ஹாமில், அவர் வேலைசெய்த கோழி பொரிக்கும் கடையில், கொதியெண்ணெய் தெறித்து வந்தது. எனக்கு அப்போது நாலு வயது.

'தழும்பு அல்ல, அது வந்த இடம்தான் எனக்கு வெட்கமாக இருந்தது' என்று ஒரு வரி எழுதினேன். அதுவும் பொய். தழும்பும்தான்.

4

திரை கிழிந்ததும் இந்தக் காலத்துச் சனம் அலறவில்லை, சிரித்தது. பாடகனின் முகம், உருகிய மெழுகுவர்த்தி போலிருந்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது உறைத்தது. அப்பா இடது கன்னத்தைக் கையில் தாங்கியபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கத்தரின் நின்றாள். என்னோடு வேலை செய்பவள். அவளும் அதே காட்சிக்கு வந்திருந்தாள். அந்த மூஞ்சியைப் பார்த்தாயா என்று சிரித்துக்கொண்டே வந்தவள், அப்பாவைக் கண்டு சிரிப்பை நிறுத்தினாள். இவர் யார் என்று கேட்டாள்.

"அங்கிள்," என்றேன்.*

அப்பா அவளுக்குக் கைகொடுத்தார், சந்தித்ததில் சந்தோஷம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"நீ கதைச்சுப்போட்டு வா பிள்ளை. அங்கிள் பஸ்ஸிலை போறன்."

* எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல் எவ்வளவு வசதி என்று கத்தரினுக்குத் தெரியாது. கடைக்காரர் அங்கிள். கோயில் வரிசையில் முன்னால் நிற்பவர் அங்கிள். அப்படிக் கூப்பிடக் கூடாத ஆள் எனக்கு ஒருவர்தான்.

5

முடிவுகள்.

அ) வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் என் தலையைத் தடவுகிறார். [எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே நம்பவில்லை.]

ஆ) அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசுவதேயில்லை. [நான் படிக்கிற நாவல்களில் தகப்பன்மார் இப்படித்தான் சன்னலருகே மௌனமாக இருப்பார்கள். என்னுடைய அப்பா வாய் ஓயாதவர்.]

இ) இன்று சனிக்கிழமை. கத்தரினைச் சாப்பிட வரச் சொன்னது நான்தான். இன்றைக்குச் சரியாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து...

வாசல் மணி அடிக்கிறது. குசினியில் இறால் பொரித்துக்கொண்டிருந்த அப்பா அடுப்பை அணைத்துவிட்டு என் அறைக்கு வருகிறார்.

"பிள்ளை, இண்டைக்கு நான் ஆர்? சொன்னியெண்டால் அதுக்கேற்ற மாதிரி நிப்பன்."

பகிடியாகத்தான் கேட்கிறார். ஆனால் வலது கன்னத்தை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்கிறார்.

இரண்டாவது மணி. அன்று கத்தரினிடம் சொல்லாத அந்தச் சொல் தாளில் எவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது, எண்ணிப் பாருங்கள். வாயில் வருமா என்று எனக்குத் தெரியாது. நான் கதவைத் திறக்கப் போகிறேன். இடத்தை விட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

"கத்தரின், இவர் என்னுடைய [                    ]