மேகத்துக்குக் கிச்சுகிச்சு

வானிலை ஆய்வகத்துக்கு நேர் மேலே ஏழு கிலோமீட்டர் உயரத்தில் நின்ற மேகம், பச்சை லேசர் பட்டதும் சிரித்தது. சிரிப்பு மொட்டைமாடிக்கு வந்து சேர இருபது விநாடி பிடித்தது. சிரிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே எண்பத்து நான்கு தடவை சிரித்துவிட்டது. மேகம் குலுங்கினால் திரும்பி வரும் ஒளியும் குலுங்கும். பிறகு அதன் தடிமன் எவ்வளவு, உள்ளே இருப்பது நீர்த்துளியா பனித்துகளா என்று யாரால் சொல்ல முடியும்? லேசரால் மேகத்தை அளக்கும் லைடார் கருவியைக் கவனித்துவந்தவளின் திரையில் கோடுகளெல்லாம் கோழி கிளறிய மாதிரி கிடந்தன.

புதிதாக வந்த இயக்குநர் மேகத்தைக் குறை சொல்லவில்லை. "மேகம்னா சிரிக்கத்தான் செய்யும், நீங்கதான் ஒழுங்கா அளக்கணும். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். இல்லேன்னா கருவி வெளியூர் துறைமுக ஆபீசுக்குப் போயிடும், கூடவே நீங்களும் கிளம்ப வேண்டியதுதான்" என்றார். கருவி எக்கேடாவது கெடட்டும். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, அதுவும் நாற்பத்தோரு வயதில். சலூன் வைத்திருந்த கணவரை விட்டுவிட்டுப் போவதை நினைத்தாலே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானம் சலூனுக்கே போய் அழுதாள். கணவர் ஒருவரின் பிடரியை மழித்தபடியே கேட்டார். "இதுக்கா அழுவுற? நேரா கழுத்துல கை வெச்சா எனக்கே கிச்சுகிச்சா இருக்கும். கொஞ்சம் பக்கவாட்டுல போய்ப் பாரு."

அவளுக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. மேகத்தில் படுத்துக்கிடக்கும் பனித்தகடுகள் கண்ணாடி மாதிரி பிரதிபலித்துக் கணக்கைக் கெடுக்கும் என்பதால் கருவியை எப்போதும் மூன்று பாகை சாய்த்தே வைப்பார்கள். பதவியேற்ற அன்று இயக்குநர் அந்தக் கோணலைப் பொறுக்கமாட்டாமல் ரசமட்டம் வைத்து நிமிர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கக்கேடு, அவளும்தான் தட்டினாள்.

கருவியின் ஒரு காலுக்கு அடியில் மரத்துண்டைச் செருகினாள். மேகம் கொஞ்சம் ஏமாந்தாற்போல் அசைந்துவிட்டு அடங்கியது. ஒளித்தடிமன் 0.4, உள்ளே பனித்துகள், கோடு நூல் பிடித்தாற்போல் வந்தது. இடமாற்றப் பேச்சு அத்தோடு நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை இயக்குநர் மாடிக்கு வந்து, போகாமல் நின்றார். "வேலைதான் முடிஞ்சிடுச்சே. ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் நேரா வெக்கலாமா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அஞ்சு நிமிஷம்தான் சார். அவர் காத்துக்கிட்டு இருப்பாரு."

அன்றிலிருந்து வெள்ளிதோறும் நாலே முக்காலுக்கு வானம் சிரிக்கும். சலூனில் அவள் கணவர் வாடிக்கையாளரின் கழுத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டு, அது சிரித்து ஓயும்வரை நிற்பார். பிறகு கடைசி ஆளை முடித்து அனுப்பி, ஷட்டரைப் பாதி இறக்கி, அவளுக்காக வாசலில் வந்து நிற்பார்.