காட் ஆறிய ஞாயிறு

வல்வெட்டித்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவர்களில் அருட்செல்வனை மிஞ்ச ஆளில்லை. சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட மனுசன் விரல் நகமளவு சிப் ஒன்றிடம் ஐந்து மாதம் தோற்றான் என்றால் நம்புவீர்களா? தோற்றான். அதுவும் தன் பிடிவாதத்தாலேயே தோற்றான்.

அந்தச் சிப் இருந்தது அவனுடைய கொம்பியூற்றரின் கிராபிக்ஸ் காட்டில், திரையில் படம் ஓட்டுகிற அட்டையில். நாற்பத்தாறு வயதில் இவனுக்கு எதற்குக் கொம்பியூற்றர் விளையாட்டு என்று ஊர் கேட்டது. மகளுக்காகத்தான். மனைவி கீர்த்திகா வேலை விசாவில் மெல்பேணுக்குப் போய் மூன்று வருடமாகிவிட்டது. அப்போது பத்து வயதான ஜெயனியையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு மாதத்தில் அவனையும் எடுப்பதாகப் பேச்சு. பிறகு அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. சண்டை என்று ஒன்றுமில்லை. ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜெயனியோடு போனில் கதைத்தால் “ஓம் அப்பா”, “சாப்பிட்டன் அப்பா” என்பதோடு முடிந்துவிடும். ஒருநாள் அவளே சொன்னாள்: “அப்பா, நான் விளையாடுற கேமுக்குள்ளை வாங்கோவன். அங்கை நிண்டு கதைக்கலாம்.”

கேட்டதுதான் தாமதம், பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் ஒரு பழைய காட் வாங்கிவந்து வீட்டுக் கொம்பியூற்றரில் பூட்டினான். யாரோ இரண்டு வருடம் வறுத்தெடுத்த காட். அதன் விசிறிகளில் ஒன்று சுற்றவே சுற்றாது.

விளையாட்டில் ஒரு தீவு. வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், கள்ளரோடு சண்டை போடலாம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவன் போய் இறங்கினால், சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஜெயனி கரையில் நிற்பாள். வாய் ஓயாமல் கதைப்பாள். பள்ளிக்கூடத்தில் தன்னை ஒருத்தரும் சேர்க்கிறதில்லை என்பதைக்கூட அங்கேதான் சொன்னாள். எல்லாம் இருபது நிமிடம்தான். காட்டின் சூடு தொண்ணூற்றைந்து பாகைக்கு ஏறும், திரை கறுக்கும், அப்பா காணாமற் போய்விடுவார். அது ஆறி மறுபடி ஓட முக்கால் மணித்தியாலம் செல்லும்.

“நான் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டனான் தெரியுமே?” என்று மாசி மாதம் ஒருநாள் போனில் அழுதாள்.

அந்த அழுகை அவனைப் போட்டு வாட்டியது. ஒரு முழு மணித்தியாலம் பிள்ளையோடு நிற்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டான். புதுக் காட் வாங்கலாமே என்பீர்கள். அது அவனுக்கு எட்டாத விலை.

படகு எஞ்சின் எப்படி ஆறுகிறது? கடல் தண்ணீரை உறிஞ்சும், சூட்டைக் கொடுக்கும், வெளியே துப்பும். புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கவேண்டும். அருட்செல்வனுக்கு அதுதான் வேதம். செப்புத் துண்டொன்றைக் குடைந்து, உள்ளே தண்ணீர் ஓட நூலளவு வழிகள் வெட்டி மூடினான். காட்டின் விசிறிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, சிப்பின் மேல் பசை பூசி அந்தச் செப்பைப் பொருத்தினான். சின்னப் பம் ஒன்று கிணற்றுத் தண்ணீரைக் குழாயால் கொண்டுவந்து செப்புக்குள் விட்டது. அங்கே சூட்டை வாங்கிய தண்ணீர் யன்னலால் போய் வாழையடியில் விழுந்தது.

திருத்தக் கொடுத்த எஞ்சினைக் கேட்டு வந்த சீவரத்தினம் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னடாப்பா அருள், கொம்பியூற்றராலை வாழைக்குத் தண்ணி மாறுறியோ?”

“சிரியுங்கோ அண்ணை, நல்லாச் சிரியுங்கோ. என்ரை பிள்ளையோடை நிக்கிறதெண்டால் நான் கடலையே கொண்டந்து ஊத்துவன்.”

ஆனால் எங்கள் ஊர்க் கிணறு சும்மா விடுமா? கிழமை முழுக்க ஓடவிட்டுச் சோதிப்பான். சனிக்கிழமை வரை எல்லாம் சரியாக இருக்கும். ஞாயிறு பார்த்து அடைத்துவிடும். கழற்றினால், தண்ணீர் சுடவைக்கிற கேத்திலின் அடியில் பிடிக்கிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு. தேசிக்காய்ப்புளி, அதுதான் எலுமிச்சஞ்சாறு, விட்டுக் கழுவுவான், பூட்டுவான், அது மறுபடி அடைக்கும்.

“மோட்டச்சைக்கிளுக்கு ஆர் கிணத்துத் தண்ணி இறைக்கிறது?” என்றார் சீவரத்தினம். “ஒரு றேடியேற்றரைப் போட்டு ஒரே தண்ணியைச் சுத்தவிடன்.”

“பழந்தண்ணி ஆத்துமே அண்ணை? உது சரிவராது.”

சொல்வழி கேட்கிற சாதியா அவன்! பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் போனது. ஞாயிறு தோறும் இருபதாவது நிமிடத்தில் அவன் கட்டாகிக்கொண்டே இருந்தான். ஜெயனி இப்போது அழுவதில்லை. “பரவாயில்லை அப்பா” என்பாள். பிள்ளை வளர்ந்துவிட்டது, பொறுமை வந்துவிட்டது என்று இவன் பெருமைப்பட்டான்.

ஆனியில்தான் மண்டையில் ஏறியது. விபத்தில் நொறுங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் றேடியேற்றரை வாங்கினான். பற்றறிக்கு விடுகிற சுத்தத் தண்ணீர் இரண்டு போத்தல். ஒரு ஜாம் போத்தலில் அதை ஊற்றி, பம்மை வைத்து, றேடியேற்றருக்கு முன்னால் மேசை விசிறியைத் திருப்பிவிட்டான். சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் ஓடியது. ஐம்பத்திரண்டு பாகை, அதற்குமேல் அசையவில்லை. கடவுளே என்று கதிரையில் சாய்ந்து தன்பாட்டில் சிரித்தான். கூப்பிட்டுச் சொல்ல வீட்டில் ஒருத்தருமில்லை. ஜெயனிக்கும் சொல்லவில்லை. நாளைக்கு அவளே பார்க்கட்டும் என்று வைத்திருந்தான்.

ஞாயிறு வந்தது. இருபதாவது நிமிடம் வந்தது, போனது. அவன் நின்றான். இருபத்திரண்டாவது நிமிடத்தில் தீவின் கரைக்கு நான்கு படகுகள் வந்தன.

“ஜெயனி, உன் அப்பா போய்விட்டாரா? நாங்கள் இறங்கலாமா?” என்று ஒரு பெடியன் ஆங்கிலத்தில் கேட்டான். பின்னால் பெட்டைகள் சிரிக்கும் சத்தம்.

ஜெயனியின் சிவப்புத் தொப்பி அவன் பக்கம் திரும்பியது. பிறகு, “அப்பா... நீங்கள் இன்னும் நிக்கிறியளோ?” என்றாள்.

“ஓம் குஞ்சு. எல்லாம் திருத்தியாச்சு. இனிக் கட்டாகமாட்டன்.”

“ஆ... நல்லது அப்பா.”

படகுகளை நிற்கச் சொல்லிவிட்டு அவனோடேயே இருந்தாள். நல்ல பிள்ளை. தேவையில்லாத மதில் ஒன்றை இருவருமாகக் கட்டினார்கள். இவன் எதைக் கேட்டாலும் “ம்” என்றாள். எஞ்சினின் சத்தத்திலேயே நோய் சொல்கிறவனுக்கு அந்த “ம்” விளங்காதா? மாசியில் அவள் தனியாக நின்றாள், உண்மை. காத்திருந்து பார்த்தாள். இவன் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்த மாதங்களில் அவளுக்குக் கூட்டுக் கிடைத்துவிட்டது. அதற்காகச் சந்தோசப்படத்தானே வேண்டும்? சந்தோசம்தான். ஆனாலும் சுண்ணாம்பையும் கிணற்றையும் விட்டுவிட்டுத் தன் பிடிவாதத்தையே திட்டினான்.

“பிள்ளை, திரும்பச் சூடாகுது போலை கிடக்கு” என்றான்.

“அச்சோ! பரவாயில்லை அப்பா. அடுத்த ஞாயிறு வாங்கோ, என்ன?” ஆரம்ப ஞாயிறுகளின் குரல், அதே துள்ளல்.

அடுத்த ஞாயிறும் போனான். ஜெயனி வாய் ஓயாமல் கதைத்தாள். பள்ளிக்கூடச் சோதனை முடிந்ததை, புதுச் சினேகிதியின் நாய்க்குட்டியை, எல்லாவற்றையும். இருபதாவது நிமிடம் வந்தபோது பெரிய மீனொன்றைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நிமிடம் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று மனம் கெஞ்சியது. கரைக்கு அப்பால் படகுகள் தெரிந்தன.

“சூடாகுது பிள்ளை” என்று சொல்லிவிட்டு, ஐம்பத்திரண்டு பாகையில் ஓடிக்கொண்டிருந்த கொம்பியூற்றரின் வயரை அருட்செல்வன் தன் கையாலேயே இழுத்தான்.