மூன்று மில்லிமீட்டர்

அட்ராக்டா கேட்டது சரியான கேள்விதான்.

"கடல் எத்தனை டிகிரி இருக்கு, ஃபியக்ரா?"

"ஒம்பது."

"அதுக்கு எது போடணும்?"

மார்ச் கடைசி. எங்கள் கடற்கரை ஊரான ஸ்லைகோவில் அபூர்வமாக வெயில் அடித்த சனிக்கிழமை. வெளியே எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் கரையில் அடிக்கிற வெயில் கடலுக்கு உறைக்க மாதக்கணக்காகும். மார்ச்சில் அது பனிக்காலத்துக் குளிரோடுதான் கிடக்கும். பதினெட்டு வருடமாக அலைச்சறுக்குக் கடை நடத்துகிற எனக்கு இது தெரியாதா? ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் என்கிற குளிர்தாங்கும் ரப்பர் உடுப்பு, தலைக்கு மூடி, கையுறை, ரப்பர் காலணி. இதில் ஒன்று குறைந்தாலும் யாரையும் தண்ணீரில் இறக்கக்கூடாது.

அட்ராக்டாவின் அளவுக்கு ஐந்து மில்லிமீட்டரில் ஒன்றே ஒன்று இருந்தது. அதைக் கண்ணாடி ஜன்னலில் பொம்மைக்கு மாட்டியிருந்தேன். புத்தம் புதுசு, வாடகைக்கு விட்டால் பழசாகிவிடும். அட்ராக்டா எங்கள் ஊர்த் தபால்காரர், ஐம்பத்தெட்டு வயது, கற்றுக்கொள்ள வந்து மூன்றே வாரம். முழங்கால் தண்ணீரில் இருபது நிமிடம் விழுந்து எழுவார், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

"வெயில் அடிக்குதே, மூணு மில்லி போதும்" என்று கோடை உடுப்பை எடுத்து நீட்டினேன்.

"நீ சொன்னா சரி" என்று வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கென்று பார்த்து அவர் முதல்முறையாகச் சறுக்குப் பலகைமேல் எழுந்து நின்றார். அந்தச் சந்தோஷத்தில் கரைக்கு வர மனமில்லாமல் இன்னும் உள்ளே உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்துக் கடை வாசலிலிருந்து பார்க்கிறேன், பலகையைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் மிதக்கிறார். ஓடிப்போய் நீந்தி அவரைக் கரைக்கு இழுத்து வந்தேன். என் உடம்பில் ஐந்து மில்லிமீட்டர் இருந்தது.

கைவிரல் மடங்கவில்லை அவருக்கு. உதடு நீலம் பாரித்திருந்தது, பேச்சு குழறியது. ஆம்புலன்ஸ்காரர்கள் போர்வைகளில் சுற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் "பயமில்லை" என்றார்கள்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி. ஃபியக்ரா உயிரைப் பணயம் வைத்து அட்ராக்டாவைக் காப்பாற்றினான். தபாலோடு சேர்த்து இதையும் வீடு வீடாக அட்ராக்டாவே கொடுத்திருக்கிறார். கசாப்புக் கடைக்காரர் என் முதுகில் தட்டினார். யாரோ ஒரு அம்மாள் சுடச்சுட ஆப்பிள் பணியாரம் செய்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதை நான் தின்றேன். முழுவதையும் தின்றேன்.

வியாழக்கிழமை விடியலில் தபால் நிலையத்தின் பின்முற்றத்துக்குப் போனேன். அட்ராக்டா வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாப்பா, என் ரட்சகரே!"

"அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்கு மூணு மில்லி பத்தாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

மூட்டை கையிலேயே நின்றது. "அப்போ ஜன்னல்ல ஒண்ணு மாட்டியிருந்தியே?"

"அதுதான் உங்க அளவு."

"ஓ. பொம்மைக்குக் குளிருமேன்னு பாத்தியாக்கும்?"

அவர் மூட்டையை வண்டிக்குள் எறிந்தார்.

"நூத்திப் பத்து வீட்டுல உன்னப் பத்திப் பெருமையா சொல்லி வெச்சிருக்கேன்டா. இப்ப நான் போய் மாத்திச் சொல்லணுமா? ஏறு வண்டில."

முதல் வீட்டில் மலக்கி கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார். நான் சொல்லி முடித்ததும் அந்தக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அட்ராக்டா வண்டியை விட்டு இறங்கவில்லை, ஒரு வார்த்தை உதவவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நானே மணியடித்து நானே சொன்னேன். நாற்பதாவது வீட்டுக்குப் பிறகாவது பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

இப்போது அவர் பக்கத்து ஊர்க் கடையில் கற்றுக்கொள்கிறார். நன்றாகவே சறுக்குகிறார் என்று கேள்வி. என் தபாலை இன்னமும் அவர்தான் கொண்டுவருகிறார். முன்பெல்லாம் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசுவார். இப்போது கதவிலுள்ள தபால் துளை வழியாகத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்.