அட்டைப்படத்துக் கைநாட்டு

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சவளக் கூப்பிட்டு, கைநாட்டு வைக்கச் சொன்னது நீங்கதானே டீச்சர்?"

பெரம்பலூரில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. நான் கொடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த புடவைதான். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். அரியலூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் வெற்றிச்செல்வி. வாலிகண்டபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அம்சவள்ளி.

தொண்ணூற்றாறில் வெற்றிச்செல்வி அந்த ஊர்க் கூலிவேலைப் பெண்களுக்கு அறிவொளி வகுப்பு எடுத்தாள். டாக்டர் பட்டத்துக்கு அதையே ஆய்வாகவும் எழுதினாள். எழுத்து, சமூக நீதி என்று பேச ஆரம்பித்தால் குக்கர் விசில்கூட அவளுக்குக் கேட்காது. ஆறே மாதத்தில் அம்சவள்ளி பஸ் போர்டெல்லாம் படித்தாள். அப்புறம்தான் டீச்சருக்கு ஞாபகம் வந்தது, படிப்பதற்கு முந்தைய படம் ஒன்றுகூட எடுக்கவில்லை என்று. இருந்தவர்களில் நன்றாகப் படித்தவளையே உட்காரவைத்துக் கட்டைவிரலில் மை தடவினாள். இந்தச் சண்டைக்கு முந்தின வருஷம் ஆய்வு புத்தகமானபோது, அந்தப் படம் 'எழுத்தறியாத தாய்' என்ற வரியோடு அட்டைக்கு வந்தது.

அதைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவன் கல்லங்குறிச்சி அறிவரசன். அம்சவள்ளி மகள் புவனேஸ்வரிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியும் என்று அம்சவள்ளி பொய் சொல்லிவிட்டாளே என்று அவன் வீட்டார் பின்வாங்கினார்கள்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அம்சாக்கா, அடுத்த மாசம் சென்னையில எனக்குப் பேராசிரியர் இன்டர்வியூ. படம் ஜோடிச்சதுன்னு நானே சொன்னா, ஆய்வே பொய்யின்னு ஆயிடும்."

"பொய்தானே?"

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அம்சவள்ளி என் வீட்டுக்கு வந்து தாளும் பேனாவும் கேட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து, அறிவரசனின் அப்பாவுக்கு ஒரு பக்கம் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. முடிவில் கையெழுத்து. நான் நின்றபடியே முழுக்கப் படித்தேன். அது என் வழக்கம்.

யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் என்று கல்லங்குறிச்சியில் சொல்லிவிட்டார்களாம். அவள் எழுதியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அங்கே போகப் பஸ் இருந்தது. நான் போகவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

அறிவரசன் துறையூரில் பெண் எடுத்தான். புவனேஸ்வரி திருப்பூர் பனியன் கம்பெனிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அம்சவள்ளியும் மகளோடு அங்கேயே போய்விட்டாள். வெற்றிச்செல்வி 2006-இல் சென்னைக்குப் பேராசிரியராகப் போனாள். புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பும் வந்தது. அட்டை மாறவில்லை.